தூத்துக்குடிக்கு நாயோடு வந்திருக்கிறீர்களா? எங்கே, எப்போது நடக்கலாம்

துறைமுகத்திலோ அனல்மின் நிலையத்திலோ வேலை கிடைத்து, வீட்டுச் சாமானோடு ஒரு லாப்ரடாரையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்குகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "இங்க நாயோட நடக்க நல்ல பீச் எது?" என்பதுதான். நாய்க்கென்று ஒதுக்கிய கடற்கரை இங்கே ஒன்றும் கிடையாது. ஆனால் வேம்பாரில் தொடங்கி உவரி வரைக்கும் கரை நீண்டு கிடக்கிறது, அதில் முக்கால்வாசி இடத்தில் யாரோ ஒருவருடைய பிழைப்பு நடந்துகொண்டிருக்கும், வலை காயும், கருவாடு காயும், படகு ஏறும் இறங்கும். அந்த வேலை இல்லாத நேரம் எது என்று தெரிந்துகொண்டால் கரை முழுக்க உங்களுக்கும் நாய்க்கும்தான். அந்த நேரக்கணக்கைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது மணி. கன்னி நாய் என்று சொல்லித்தான் குட்டியாகக் கொடுத்தார்கள், வளர்ந்தபிறகு காதைப் பார்த்த கோவில்பட்டிக்காரர் ஒருவர் சிரித்துவிட்டுப் போனார். சரி, பாதியாவது கன்னிதான், ஓட்டத்தைப் பார்த்தால் தெரியும். கன்னி, சிப்பிப்பாறை மாதிரி நாட்டு நாய் வைத்திருப்பவர்களுக்கு வெயில் பயம் கொஞ்சம் குறைவு, ஆனால் முயலைக் கண்டால் பிடி விட்டுவிடும். லாப்ரடார், பக், ஹஸ்கி வைத்திருப்பவர்கள் கீழே வரும் நேரக்கணக்கை இன்னும் அரைமணி நேரம் சுருக்கிக்கொள்ளுங்கள். ஹஸ்கியை இந்த ஊருக்குக் கூட்டி வந்ததைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அதை இங்கே சொல்லவில்லை.

முதல் வேலை ஊசி. வெறிநாய்க்கடி ஊசி வருடம் தவறாமல் போட்டிருக்க வேண்டும். கூடவே எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி முக்கியம், மீன் இறங்கும் இடத்தில் எலிக்குப் பஞ்சமில்லை, மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரில் எலியின் மூத்திரம் கலந்திருக்கும், நாய் அதில் வாய் வைக்கும். ஊசி போட்ட அட்டையை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி அலுவலகத்தில் வளர்ப்பு நாய் உரிமம் பற்றியும் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். நாளைக்கு யாராவது சண்டைக்கு வந்தால் கையில் ஒரு தாள் இருப்பது நல்லது.

அடுத்தது கயிறு. கடையில் விற்கும் அலங்காரச் சங்கிலி உப்புக்காற்றில் இரண்டே மாதத்தில் துருப்பிடித்து, சரியாக நாய் இழுக்கும் நேரத்தில் கொக்கி கழன்றுவிடும். வலைக்கடையில் போய் பெருவிரல் பருமனில் நைலான் கயிறு பத்து மீட்டர் வாங்கி, பித்தளைக் கொக்கி ஒன்றை முனையில் முடிந்துகொள்ளுங்கள். பிடிக்கிற பக்கத்தில் இரண்டு மூன்று முடிச்சு போடுங்கள், இல்லாவிட்டால் நாய் பாயும்போது கயிறு உருவி உள்ளங்கை வெந்துவிடும். கூடவே எடுத்துக்கொள்ள வேண்டியவை: ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு சின்னக் கிண்ணம், பழைய செய்தித்தாள் நாலு தாள், முள் எடுக்க இடுக்கி, ஒரு பனைமட்டை.

பனைமட்டை எதற்கு என்றால், தெருநாய்களுக்கு. அடிக்க வேண்டாம், கையில் இருந்தால் போதும். ஊருக்குள் என்றால் கீழே குனிந்து கல் எடுப்பதுபோலப் பாவனை செய்தாலே எந்தக் கூட்டமும் நாலடி பின்வாங்கும். மணலில் கல் ஏது? நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பது கடற்கரையில் நிஜமாகவே நடக்கும், அது அங்கே இருக்கிற நாய்களுக்கும் தெரியும். ஓடாதீர்கள், உங்கள் நாயைத் தலைக்கு மேல் தூக்காதீர்கள், நின்று நிதானமாகத் திரும்பி நடங்கள். கடி பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு ஆஸ்பத்திரி. அங்கே ஊசி இலவசம். மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள்.

நேரம், காற்று. சூரியன் கடலில் இருந்து எழும்புகிற ஊர் இது, விடிந்த அடுத்த நிமிடமே வெயில் முகத்தில் அடிக்கும். மார்ச் முதல் செப்டம்பர் வரை காலை ஏழரைக்குள் நடையை முடித்துவிட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் ஏழு மணியே அதிகம். தார்ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு வரை எண்ணுங்கள், கை பொறுக்கவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. மாலையில் வெயில் இறங்கிவிட்டாலும் தரை இறங்கியிருக்காது, அதனால் அப்போதும் கையை வைத்துப் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை கச்சான் வீசும், மேற்கில் இருந்து வரும் காற்று, மணலை வாரி நாயின் கண் உயரத்தில் அடிக்கும். நம் முகத்துக்குத் தெரியாது, ஏனென்றால் மணல் முழங்காலுக்குக் கீழேதான் பறக்கும். மணி அந்த மாதங்களில் கடற்கரையில் கண்ணை இடுக்கிக்கொண்டு என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே வருவான், முதல் வருடம் எனக்குக் காரணம் புரியவே இல்லை. கச்சான் காலத்தில் ஆற்றுப்பக்கம் போங்கள். அக்டோபரில் மழை தொடங்கிவிடும், நல்ல நடை என்றால் ஜனவரி, பிப்ரவரிதான்.

சரி, இடங்களுக்கு வருவோம்.

பழகுவதற்குத் தெற்குக் கடற்கரைச் சாலைதான் சரி. பனிமய மாதா கோவில் பக்கம் இருந்து இனிகோ நகர் வழியாக ரோச் பூங்கா வரை, ஒரு பக்கம் கடல், காலை ஐந்தரைக்கே நடைக்காரர்கள் வந்துவிடுவார்கள். ரோச் பூங்காவுக்குள் நாயைக் கொண்டுபோகாதீர்கள், குழந்தைகள் விளையாடும் இடம், வெளியே நடைபாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் ஒரு வாரம் ஒரே நேரத்துக்கு, ஒரே வழியில் போங்கள். டீக்கடைக்காரருக்கும் வலை பின்னும் பெரியவர்களுக்கும் உங்கள் முகமும் நாயின் முகமும் பழகட்டும். எட்டாம் நாள் அவர்களே, "இன்னைக்கு அந்தப் பக்கம் போகாதீங்க அண்ணாச்சி, குட்டி போட்ட நாய் கெடக்கு" என்று சொல்வார்கள். இதைவிட நல்ல தகவல் எந்த மேப்பிலும் கிடைக்காது. ஜூலை 26-ல் மாதா கோவில் கொடியேறினால் ஆகஸ்டு 5 வரை திருவிழா, கூட்டமும் வேட்டும் இருக்கும், வேட்டுக்குப் பயப்படுகிற நாய் என்றால் அந்தப் பதினோரு நாளும் ஊரின் மேற்குப் பக்கமே நடங்கள்.

மணலில் இறங்கும்போது பார்க்க வேண்டியவை நாலு. ஒன்று, கருவாடு. விரித்த வலைமேல் காய்கிற சின்ன மீனைப் பார்த்தால் நாய்க்குத் தின்னத் தோன்றுவது இருக்கட்டும், காலைத் தூக்கத் தோன்றும், அதுதான் வினை. வந்த புதிதில் மணி ஒரு அக்காவின் காரப்பொடி மீன் கருவாட்டில் அந்த வேலையைச் செய்தான். அவர்கள் கத்தக்கூட இல்லை. "தம்பி, இது ஒங்க வீட்டுக் கொழம்புக்கும் வரும்" என்றார்கள். அவ்வளவையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து வலை கண்ணில் பட்டாலே கயிற்றைச் சுருக்கிவிடுவேன்.

இரண்டு, பேத்தை மீன். கரைவலை இழுத்ததும் ஆகாத மீனை மணலிலேயே வீசிவிட்டுப் போவார்கள். அதில் வயிறு உப்பி, வெள்ளையாக, தொட்டால் சொரசொரவென்று இருப்பது பேத்தை. அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கிற விஷம் நாயைக் கொன்றுவிடும், சமைத்தாலும் போகாது. தின்றுவிட்டு நடை தள்ளாடினால் வீட்டு வைத்தியம் ஒன்றும் பார்க்காமல் அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். அதனால் "விடு" என்று சொன்னால் வாயில் இருப்பதைக் கீழே போடும் பழக்கத்தை வீட்டிலேயே, பிஸ்கட்டை வைத்து, ஒரு மாதம் பழக்கிவிட்டுக் கடற்கரைக்கு வாருங்கள். உட்காரு, கை கொடு எல்லாம் அப்புறம்.

மூன்று, முள். கெளிறு மீனின் முள் காய்ந்தாலும் ஊசிதான், திருக்கை வாலும் அப்படியே. மணியின் முன்னங்காலில் கெளிற்று முள் ஏறிப் பத்து நாள் நொண்டினான். அறுந்த தூண்டிலும் மணலில் கிடக்கும். நாலாவது, கடல் தண்ணீர். ஓடிக் களைத்த நாய் உப்புத் தண்ணீர் என்று பார்க்காமல் குடிக்கும், கொஞ்சம் குடித்தால் வயிற்றால் போகும், நிறையக் குடித்தால் ஆபத்து. கடலில் இறங்குவதற்கு முன்னால் நல்ல தண்ணீர் கொடுத்துவிடுங்கள், வயிறு நிறைந்திருந்தால் அதில் ஆர்வம் குறைந்துவிடும்.

நாய் அசிங்கம் பண்ணினால் மணலைத் தள்ளி மூடிவிட்டு வருகிறவர்கள் உண்டு, பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் நாயின் குடலில் இருக்கும் கொக்கிப்புழு மண்ணில் குஞ்சு பொரித்து, வெறுங்காலோடு நடப்பவர்களின் தோலில் ஏறி ஊரும், அரித்துப் பிடுங்கும். கரைவலை இழுப்பவர்கள் யாரும் செருப்புப் போட்டு இழுப்பதில்லை. செய்தித்தாளில் எடுத்துப் பொதிந்து கொண்டுவந்து குப்பையில் போடுங்கள், நாய்க்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுங்கள்.

துறைமுகச் சாலையில் இருக்கிற முத்துநகர் கடற்கரை சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வரும் இடம், ஞாயிறு என்றால் சொல்லவே வேண்டாம். நாயோடு போவது என்றால் வார நாளில் விடிகாலை மட்டும். முயல் தீவுக்கும் அப்படித்தான், துறைமுகப் பக்கம் என்பதால் வாசலில் நிற்கும் காவலரிடம் நாயைக் காட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள், காணும் பொங்கல் அன்று அந்தத் திசைக்கே போகாதீர்கள். மன்னார் வளைகுடாவில் இருக்கும் வான் தீவு, காசுவாரி போன்ற தீவுகளுக்குப் படகில் நாயைக் கூட்டிப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். அந்த 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. நாய்க்கு மட்டுமா, வனத்துறை அனுமதி இல்லாமல் நீங்களே இறங்க முடியாது.

உப்பளம். தூத்துக்குடியில் நான் வெளியூர்க்காரர்களுக்குக் காட்ட விரும்புகிற இடம் கடல் இல்லை, இதுதான். திருச்செந்தூர் ரோட்டில் முள்ளக்காடு தாண்டினால் இரண்டு பக்கமும் பாத்திகள், விடியும்போது தண்ணீர் முழுக்க வானம், தூரத்தில் வெள்ளை அம்பாரங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகள். எல்லாம் ஒருவருடைய சொத்து, அதனால் வரப்பில் கால் வைக்கும் முன் அங்கே இருக்கும் கணக்கப்பிள்ளையிடமோ காவல்காரரிடமோ ஒரு வார்த்தை. வேலையாட்கள் இருட்டோடு வந்து வெயிலுக்கு முன் உப்பு வாரி முடிக்கப் பார்ப்பார்கள், அவர்கள் நிற்கும் பாத்திப் பக்கம் போகாதீர்கள், தின்னப்போகிற உப்பு அது. பாத்தித் தண்ணீர் கடல் தண்ணீரைவிடப் பல மடங்கு கரிப்பு, நாய் இரண்டு வாய் குடித்தாலே வாந்தி எடுக்கும், நிறையக் குடித்தால் வலிப்பு வரை போகும். கயிறு இங்கே இரண்டு முழத்துக்கு மேல் வேண்டாம். வரப்போரம் உறைந்த உப்பு கண்ணாடித்துண்டு மாதிரி பாதத்தை அறுக்கும், அறுத்த இடத்தில் உப்பு பட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நடு வரப்பில் அரைமணி நேரம் நடந்து, பார்த்து, படம் எடுத்துத் திரும்பிவிடுங்கள். ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது.

அதே ரோட்டில் இன்னும் தெற்கே போனால் ஆத்தூர், முக்காணி. தாமிரபரணி கடலுக்குப் போகும் முன் கடைசியாக அகலமாகப் படுத்துக்கிடக்கும் இடம், வாழைத்தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால், நிழல். கச்சான் காலத்துக்கு இதுதான் மருந்து. படித்துறையில் யாராவது குளித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்குக் கீழ்ப்பக்கமாக, ஆறு ஓடும் திசையில் தள்ளிப் போய் நாயை இறக்குங்கள், மேல்பக்கம் இறக்கினால் யார் பார்த்தாலும் திட்டத்தான் செய்வார்கள். திருநெல்வேலியில் குறுக்குத்துறைப் பக்கம் நடப்பவர்களுக்கும் இதே கணக்குதான். தோட்டத்து வாய்க்காலில் மட்டும் குடிக்க விடாதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள்.

இந்த இடங்களில் ஒரு மாதம் பழகியபின் தூரப் பயணம். நாயோடு பஸ்ஸை நம்பாதீர்கள், கண்டக்டர் நல்ல மனிதராக இருந்தாலும் பக்கத்து சீட்காரர் இருக்க மாட்டார். கார் இல்லாவிட்டால் வழக்கமாக வரும் ஆட்டோக்காரரிடம் சீட்டில் விரிக்க ஒரு சாக்கும், கொஞ்சம் கூடுதல் காசும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

என் கணக்கில் மணப்பாடுதான் முதலிடம். தூத்துக்குடியில் இருந்து திருச்செந்தூர் சுமார் 40 கிலோமீட்டர், அங்கிருந்து குலசேகரன்பட்டினம் தாண்டி மணப்பாடு சுமார் 18. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்று, மேலே திருச்சிலுவைக் கோவில், கீழே சவேரியார் 1542-ல் வந்து தங்கியதாகச் சொல்லும் குகை. குன்றின் ஒரு பக்கம் அலை மோதும், மறுபக்கம் மணல்திட்டுக்கு உள்ளே உப்பங்கழி, முழங்கால் ஆழத்தில் அசையாமல் கிடக்கும். நீந்தப் பழகாத நாய்க்கு அந்தக் கழிதான் பள்ளிக்கூடம். காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்றால் நாலரைக்குக் கிளம்புங்கள். ஊருக்குள் வண்டியை மெதுவாக ஓட்டி, கரையில் நிற்கும் படகுகளைத் தாண்டிப் போய் ஆளில்லாத பக்கத்தில் கயிற்றை முழு நீளத்துக்கு விடுங்கள். மணி அங்கே முதல்முறை இறங்கியபோது வயிறு நனைந்ததும் திகைத்து நின்றான், அப்புறம் ஒரு மணி நேரம் அவனைக் கரையேற்ற முடியவில்லை. கோவில் இருக்கும் குன்றின்மேல் நாயைக் கூட்டிப் போக வேண்டாம், இரண்டு பேராகப் போனால் ஒருவர் மாற்றி ஒருவர் மேலே போய்ப் பார்த்துவரலாம். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழா, அந்த நாட்களை விட்டுவிடுங்கள்.

மணலில் ராவணன் மீசை என்று ஒரு புல் உருண்டையாக உருண்டு வரும், நாய் பந்து என்று நினைத்துக் கவ்வும், வாயெல்லாம் குத்தும். அடம்பங்கொடி படர்ந்த மேட்டில் ஜனவரியில் இருந்து மார்ச் வரை நாயைத் தோண்ட விடாதீர்கள், கடலாமை இரவில் ஏறி முட்டையிட்டுப் போகும் காலம். டயர் தடம் மாதிரி கடலில் இருந்து மேட்டுக்கு ஒரு தடம் தெரிந்தால் அந்த இடத்தை விட்டுத் தள்ளி வந்துவிடுங்கள்.

வழியில் இருக்கும் திருச்செந்தூர் கோவில் கடற்கரையில் நாயை இறக்கவே வேண்டாம், என்றைக்கும். ஐப்பசியில் சூரசம்ஹாரம் நடக்கும் வாரத்தில் அந்த ரோட்டிலேயே போக முடியாது. காயல்பட்டினம் கடற்கரையிலும் சாயங்காலம் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள், நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டியவர்கள், அவர்களுக்கு அந்தத் தொல்லையைக் கொடுக்க வேண்டாம். குலசேகரன்பட்டினத்தில் தசரா நடக்கும் பத்து நாளும் ரோடெல்லாம் காளி வேஷம், குறவன் வேஷம், குரங்கு வேஷம், மேளம். மணி ஒருமுறை காரின் கண்ணாடி வழியாகக் காளியைப் பார்த்துவிட்டு சீட்டுக்கு அடியில் போனவன் உடன்குடி வரை எழும்பவில்லை.

உடன்குடி என்றதும் தேரி ஞாபகம் வருகிறது. திருச்செந்தூருக்கு மேற்கே குதிரைமொழித் தேரி, ரத்தச் சிவப்பில் மணல்மேடு, இரும்புச் சத்து பூசிய மணல். புதிதாக வருபவர்கள் கண்ணை நம்ப மாட்டார்கள். பெரும்பகுதி காப்புக்காடு, உள்ளே அலைய வேண்டாம், திசை தெரியாமல் போய்விடும், போன தடத்தைக் காற்று அரைமணி நேரத்தில் அழித்துவிடும். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோவில் பக்கமோ மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் பக்கமோ வண்டியை விட்டுவிட்டு, கோவிலை ஒட்டாமல் ரோட்டோரப் பனங்காட்டில் நடங்கள். பங்குனி உத்திரத்துக்கும், கற்குவேல் அய்யனார் கோவில் கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்கும் இடமே இருக்காது. சிவப்பு மணல் வெள்ளை மணலைவிடச் சீக்கிரம் சுடும், எட்டு மணிக்கு மேல் நிற்காதீர்கள். உடைமர முள் செருப்பையே துளைக்கும். சுருட்டை விரியன் மணலில் உடம்பைப் புதைத்துக் கிடக்கும், அதனால் புதர்ப் பக்கம் மூக்கை நுழைக்க விடாமல் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். பதநீர்க் காலம் என்றால் நீங்கள் ஒரு ஓலைப்பட்டை குடியுங்கள், நாய்க்குத் தண்ணீர் போதும்.

மலைப்பக்கம் ஒரே வரியில் முடித்துவிடலாம்: பாபநாசம், மணிமுத்தாறு அருவி, மாஞ்சோலை எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், நாய்க்கு அனுமதி இல்லை, அடிவார ஊர்களில் சிறுத்தை வந்து நாயைத் தூக்குவது புதுச் செய்தியும் இல்லை. கூந்தன்குளத்துக்கும் வேண்டாம், பறவைகள் கூடு கட்டியிருக்கும் ஊர்.

நடந்து திரும்பியதும் செய்ய வேண்டியது நல்ல தண்ணீரில் குளிப்பாட்டு, காதைத் துடைத்து உலர்த்து, விரல் இடுக்கிலும் காது மடலிலும் உண்ணி பார், பாதத்தில் தேங்காய் எண்ணெய் தடவு. உப்போடு அப்படியே விட்டால் ராத்திரி முழுக்க நக்கிப் புண்ணாக்கிவிடும். மூச்சு இரைத்துக்கொண்டே இருந்து, நாக்கு கருஞ்சிவப்பாகி, கெட்டியாக எச்சில் வடிந்து, கால் தள்ளாடினால் வெயில் தாக்கிவிட்டது என்று அர்த்தம். நிழலில் போட்டு வயிற்றிலும் பாதத்திலும் சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே டாக்டருக்குப் போன் பண்ணுங்கள், ஐஸ் வைக்காதீர்கள்.

வீடு பார்த்த வாரமே பக்கத்தில் இருக்கும் மாட்டாஸ்பத்திரி எது, தனியாகப் பார்க்கும் கால்நடை டாக்டர் யார் என்று விசாரித்து நம்பரை வாங்கி வையுங்கள். பெரிய சிக்கல் என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தூத்துக்குடியில் இருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஞாயிறு மதியத்துக்கு மேல் டாக்டர் கிடைப்பது பெரும்பாடு, அதனால் முதல் மணப்பாட்டுப் பயணத்தைச் சனிக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள்.